ஷாஃப்டுக்கு அடியில் இருப்பது

ஐஸ் பெட்டி வாசல் நிலையில் இடித்துக்கொண்டு உள்ளே வரமாட்டேன் என்றது. சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்து லைன் வீடுகளைக் கட்டிய வெள்ளைக்காரன், கூலியாள் குனிந்து நுழைந்தால் போதும் என்று வாசலை அளந்து வைத்தவன். ஐஸ் பெட்டியை அவன் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. ஒருவர் "சாய்ச்சிப் புடி" என்றார், இன்னொருவர் "சாய்க்காத, கேஸ் பூடும்" என்றார். இந்த அமளிக்கு நடுவே சுவரோரம் உட்கார்ந்து கிருஷ்ணம்மா தும்கூரில் இருக்கும் மகளுக்கு மறுபடியும் போன் போட்டாள். மறுபடியும் மணி போய், மறுபடியும் துண்டானது.

பாயில் அவள் புருஷன் சம்பங்கி கிடந்தார். விடியற்காலையில் குழாயில் தண்ணீர் வரும் சத்தம் கேட்டு எழுந்து போனவர், குடத்தைக் குழாயடியில் வைத்துவிட்டு அங்கேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். குடம் நிரம்பி வழிகிற சத்தம் கேட்டு, "யோவ், தண்ணி ஊத்திகினு போவுது, கண்ணு தெரியலியா?" என்று திட்டிக்கொண்டேதான் கிருஷ்ணம்மா வெளியே வந்தாள். திட்டு பாதியில் நின்றது. ஆட்டோ, ஆஸ்பத்திரி, டாக்டர் உதட்டைப் பிதுக்கியது எல்லாம் பொழுது விடிவதற்குள் முடிந்துவிட்டது.

"இந்தப் பெட்டி ஃபேன் மோட்டாரு சம்பங்கி அண்ணன் கட்டிக் குடுத்ததுதான்" என்றான் பெட்டியைக் கொண்டுவந்தவன், ஒருவழியாக உள்ளே வைத்த பிறகு. ஆறுதலுக்குச் சொன்னானா, பெட்டி நன்றாக ஓடும் என்று உத்தரவாதம் சொன்னானா தெரியவில்லை.

சம்பங்கியின் அண்ணன் மனோகர் தோளில் துண்டோடு வந்து கிருஷ்ணம்மா முன்னால் குந்தினார். பேக்டரியில் ரிட்டயர் ஆனவர். எதையும் நேரம் பார்த்துச் செய்கிறவர்.

"எடுத்தாளா?"

"இல்ல மாமா. கட் பண்றா."

"நான் போட்டாலும் கட்டு. எம் பையன் கிரண் பெங்களூர்லருந்து போட்டான். அவனையும் அந்தக் கேள்விதான் கேட்டாளாம். வெளையாடறான்னு நெனச்சி அவன் ‘கொரங்கு கீது’ன்னானாம். அதோட சரி." அவர் குரலைத் தாழ்த்தினார். "நாளைக்கு வெள்ளிக்கெழம. பெரியவங்க இன்னிக்கே எடுக்கணும்னு நிக்கறாங்க. பொழுது சாயறதுக்குள்ள."

"எம் பொண்ணு வராம எடுக்க வுடமாட்டேன்."

"நானா வேணாங்கறேன்? அவ பொறப்பட்டாத்தான வருவா."

அதுதான் விஷயம். அவள் புறப்படவில்லை. அப்பா செத்ததை அவள் நம்பவில்லை.

காலையில் ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து கிருஷ்ணம்மா தன் பட்டன் போனில் முதலில் அழைத்தது நேத்ராவைத்தான். "நேத்ரா, அப்பா பூட்டாருடி" என்றாள். பிறகு நேத்ராவின் குரல், வேறு யாரோ பேசுவதுபோல வந்தது.

"ஷாஃப்டுக்கு அடியில இன்னா கீது?"

"இன்னாடி கேக்கற?"

"கேள்விக்கு பதில் சொல்லு. ஷாஃப்டுக்கு அடியில இன்னா கீது?"

"தங்கம்தான்டி கீது. வேற இன்னாத்த... அப்பா பூட்டாருடி..."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது. அப்புறம் ஒரு சிரிப்பு. "அப்பாடா! ஒரு நிமிஷம் பயந்தே பூட்டேன். எங்கம்மா குரல நல்லாத்தான் செஞ்சிருக்கீங்கடா திருட்டுப் பசங்களா. இன்னொரு தபா போன் வந்துது, நேரா போலீசுதான்." டக்கென்று வைத்துவிட்டாள்.

கிருஷ்ணம்மாவின் காதில் இப்போதும் அந்தச் சிரிப்புதான் கேட்டுக்கொண்டிருந்தது. பெற்ற மகள் அவ்வளவு சந்தோஷமாகச் சிரித்து நாளாகிவிட்டது.

இதெல்லாம் போன வருஷம் ஆடி மாதம் நடந்த கூத்தின் பாக்கி. சம்பங்கிக்கு ஆண்டர்சன்பேட்டை பஜாரில் மோட்டாருக்குச் செப்புக் காயில் கட்டும் கடை. சுரங்கம் மூடியதும் போட்ட கடை. பேத்தமங்கலா, காமசமுத்திரம் பக்கத்து விவசாயிகள் எரிந்துபோன போர்வெல் மோட்டாரை டிராக்டரில் போட்டுக்கொண்டு வருவார்கள். அந்தக் கடையைப் போனுக்குள் கொண்டுபோனவள் நேத்ரா. ‘சம்பங்கி மோட்டார் ஒர்க்ஸ்’ என்று வாட்ஸ்அப் கணக்கு, பணம் கட்ட க்யூஆர் ஸ்டிக்கர், மோட்டாரின் பெயர்ப்பலகையை போட்டோ எடுத்து அனுப்பினால் போதும், என்ன செலவாகும் என்று பதில் போகும். முதலில் "எனக்கு எதுக்கும்மா இதெல்லாம்" என்று முறுக்கிக்கொண்டவர், ஒரே மாதத்தில் வாடிக்கையாளர் எல்லோருக்கும் ரோஜாப்பூ படத்தோடு குட்மார்னிங் அனுப்புகிற ஆளாகிவிட்டார். சாப்பிடக் கூப்பிட்டால் "இரு, முல்பாகல்காரன் டைப் பண்ணிகினு கீறான்" என்பார்.

அப்படி இருக்கும்போதுதான் அண்ணன் மனோகர் நம்பரிலிருந்து ஒரு மெசேஜ் வந்தது. ‘தம்பி, உனக்கு ஆறு இலக்கத்தில் ஒரு நம்பர் வரும், எனக்குத் திருப்பி அனுப்பு.’

வேறு யாராக இருந்தாலும் எதற்கு என்று கேட்டிருப்பார்கள். சம்பங்கி சுரங்கத்தில் இருந்தவரை ஷாஃப்டில், பூமிக்குள் நேராக இறங்குகிற அந்தக் குழியில், மணி அடிக்கும் வேலை பார்த்தவர். ஒரு முனையில் எத்தனை மணி அடிக்கிறார்களோ, அத்தனையையும் மறு முனையில் இருப்பவர் திருப்பி அடிக்க வேண்டும். திருப்பி அடித்தால்தான் ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜ் நகரும். எதற்கு என்று கேட்கிற பேச்சே அங்கே கிடையாது. கை தவறினால் கேஜில் இருப்பவன் செத்தான். வந்த எண்ணைத் திருப்பி அனுப்புவது அவருக்கு மூச்சு விடுவதுபோல. அனுப்பினார். ஒழுங்காகப் போய்ச் சேர்ந்ததோ இல்லையோ என்று இன்னொரு தடவையும் அனுப்பினார்.

மனோகரின் கணக்கை அதற்கு முந்தின நாளே எவனோ திருடியிருந்தான் என்பது அப்புறம்தான் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் சம்பங்கியின் கடைக் கணக்கும் அவன் கைக்குப் போய்விட்டது. வாடிக்கையாளர் எல்லோருக்கும் ஒரே செய்தி: சம்பங்கி ஆஸ்பத்திரியில் இருக்கிறார், சீரியஸ், உடனே பணம் அனுப்புங்கள். நல்ல மனசுக்காரர்கள் சிலர் அனுப்பியும்விட்டார்கள். அந்தச் செய்தி தும்கூரில் கம்பெனி வேலைக்காக ஹாஸ்டலில் இருந்த நேத்ராவுக்கும் போனது. போட்ட உடுப்போடு பஸ் ஏறி, வழியெல்லாம் அழுது, வீங்கின முகத்தோடு வந்து லைனுக்குள் நுழைந்தாள். வாசலில் சம்பங்கி வாய் நிறைய பேஸ்ட் நுரையோடு நின்று, "இன்னாம்மா, லீவா?" என்றார். நேத்ரா கைப்பையாலேயே அப்பனை அடித்தாள். அடித்துவிட்டு அவர் காலடியில் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள்.

கணக்கு ஒருவழியாகத் திரும்பக் கிடைத்தது. சூடு பட்டவர் அதற்குப் பிறகு இரண்டு ஏற்பாடு செய்தார். கடைக்கு ஒன்று: தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் தானே பேசி எல்லோருக்கும் அனுப்பினார். "இனிமே இந்த நம்பர்லருந்து இன்னா வந்தாலும் நம்பாதீங்க. என் குரல் வந்தா மட்டும் நம்புங்க." கடை ஷட்டரிலும் பெயிண்டால் எழுதிப் போட்டார். வீட்டுக்கு இன்னொன்று. நேத்ராவின் கம்பெனியில் வகுப்பு எடுத்துச் சொல்லியிருந்தார்கள்: நம்பரை நம்பாதே, குரலையும் நம்பாதே, இப்போது குரலையே செய்துவிடுகிறார்கள், வீட்டு மனிதர்களுக்குள் மட்டும் தெரிந்த ஒரு கேள்வியும் பதிலும் வைத்துக்கொள். அப்பனும் மகளும் போனில் சிரித்துச் சிரித்து அதை முடிவு செய்தபோது கிருஷ்ணம்மா அடுப்படியில் வடை சுட்டுக்கொண்டிருந்தாள்.

"நான் செத்துட்டேன்னு ஒங்கம்மாவே அழுதாக்கூட கோட் கேளு, ஆமா!" என்று சம்பங்கி கத்தினது நினைவிருக்கிறது.

"பதிலு இன்னாய்யா?" என்று இவளும் கேட்டாள்.

"நீ திட்டுவ. நல்ல நேரம் பாத்து சொல்றேன்."

"நீயும் ஒம் பொண்ணும் இன்னாத்தயோ பண்ணுங்க" என்று வடையைத் திருப்பிப் போட்டாள். அந்த நல்ல நேரம் வரவே இல்லை. இவளும் மறுபடி கேட்கவில்லை.

கடையில் கூட வேலை பார்க்கும் ரவிகுமார் கடைப் போனோடு வந்தான். அழுது கண்ணெல்லாம் சிவந்திருந்தது. ஆனாலும் முகத்தில் அழுகையைவிட எரிச்சல்தான் இருந்தது.

"அக்கா, அண்ணன் போட்டோவுக்கு மாலை போட்டு எல்லாருக்கும் அனுப்பினேன். ஒருத்தனும் நம்பல. பாருங்க." படித்துக் காட்டினான். ஒருவர், ஓனர் குரலைப் போடுங்கள் பார்க்கலாம் என்றிருந்தார். ஒருவர் கன்னடத்தில், ‘மத்தே ஷுரு மாட்தாரப்பா’, மறுபடி ஆரம்பிச்சிட்டாங்கப்பா, என்று சிரிக்கிற பொம்மை போட்டிருந்தார். ஒருவர், இந்தத் தடவை எவ்வளவு அனுப்ப வேண்டும் என்று மரியாதையாகக் கேட்டிருந்தார்.

"அண்ணன் குரலுக்கு நான் எங்க போவேன்?" என்றான் ரவிகுமார்.

கேட்டுக்கொண்டிருந்த மனோகர் தன் போனை எடுத்தார். "ஒரு போட்டோ புடிச்சி நேத்ராவுக்குப் போட்டுடலாம். மூஞ்சியப் பாத்தா நம்புவா இல்ல?"

"வேணாம்" என்றாள் கிருஷ்ணம்மா.

"ஏம்மா?"

"அவ அப்பன இந்தப் பொட்டில வெச்சி போன்ல பாக்கக் கூடாது. வாணாம் மாமா. உள்ள வைங்க."

கிருஷ்ணம்மாவுக்கு உட்கார முடியவில்லை. எழுந்து உள்ளே போனாள், வந்தாள், பெட்டிக் கண்ணாடியில் படிந்த ஈரத்தைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்கப் படிந்தது. பெண்கள் "உக்காரு கிருஷ்ணம்மா, அழுதுடு" என்று கையைப் பிடித்து இழுத்தார்கள். அழுதுகொண்டிருக்க அவளுக்கு நேரமில்லை. அந்த ஒரு சொல் எங்கேயோ இருக்கிறது. இந்த மனுஷன் அதை வாய்க்குள் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறார். கோபம்தான் வந்தது. திட்டுவேன் என்றால் என்ன? இவள் திட்டாத நாள் ஒன்று உண்டா, அதனால் என்ன குறைந்துபோனது?

ரவிகுமாரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாள். "கடையில எதுனா சொல்லிகினு இருப்பாரா? ஷாஃப்டுக்கு அடியில அது கீது இது கீதுன்னு?"

"இல்லக்கா. சுரங்கத்தப் பத்திக் கேட்டாலே பேச்ச மாத்திடுவாரு."

பக்கத்து வீட்டு ஈவ்லின் காபி டம்ளரைக் கையில் திணித்தாள். வாங்கிய கிருஷ்ணம்மா அதைக் குடிக்காமல் அப்படியே எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். வெளியே சாமியானாவுக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பெரும்பாலும் சம்பங்கியோடு சுரங்கத்தில் இருந்தவர்கள். அவர்களைச் செய்தி அனுப்பிக் கூப்பிட வேண்டியிருக்கவில்லை, பக்கத்து லைன்களிலிருந்து தாங்களாகவே வந்தவர்கள். தாலியோடு பெட்டியருகே உட்கார்ந்திருக்க வேண்டியவள் ஆண்கள் பக்கம் வந்து நின்றதும் பேச்சு நின்றது. ஒருவர் பாதி பீடியை மறைத்தார்.

"அண்ணா" என்றாள் முதலில் இருந்தவரிடம். "ஷாஃப்டுக்கு அடியில இன்னாண்ணா கீது?"

அவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். பாவம், புத்தி கலங்கிவிட்டது என்று அவர் முகம் சொன்னது. ஆனாலும் கேட்டவளுக்குப் பதில் சொல்ல வேண்டுமே. "தண்ணிதாம்மா கீது. பம்ப நிறுத்தினப்பறம் எல்லாம் ரொம்பிப் போச்சே."

"நீங்க சொல்லுங்க."

"சூடு" என்றார் அடுத்தவர். "பாறைல கை வெச்சா பொசுங்கிடும். நாங்க ஜட்டியோட நின்னு வேலை செஞ்சோம்."

"நீங்க?"

மூன்றாமவர் தலையைத் தூக்கவில்லை. "எங்க மாமா கீறாரு. பாறை வெடிச்சி மூடிக்கிச்சி. எடுக்கவே இல்ல."

கிருஷ்ணம்மா டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு போனை எடுத்து அழுத்தினாள். என்ன அதிசயமோ, நேத்ரா எடுத்தாள்.

"தண்ணியா?" என்றாள் கிருஷ்ணம்மா.

"இல்ல."

"சூடு."

"இல்ல." அந்தக் குரல் இப்போது சிரிக்கவில்லை. "போனை வைங்க. ப்ளீஸ். வெச்சிடுங்க." அவளே வைத்துவிட்டாள்.

திருடன் என்று நினைப்பவளிடம் ப்ளீஸ் எதற்கு என்று கிருஷ்ணம்மாவுக்குத் தோன்றியது. மகளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும், அந்தச் சொல் வராதவரைக்கும் அப்பா உயிரோடு இருக்கட்டும் என்று பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். எழுந்து பஸ் ஸ்டாண்டுக்குப் போகமாட்டாள். இங்கே பெரியவர்கள் பொழுது சாய்வதற்குள் தூக்கிவிடுவார்கள். அப்புறம் ஆயுசு முழுக்க அந்தப் பெண் அப்பன் முகத்தைப் பார்க்கவில்லையே என்று தன்னையே தின்றுகொண்டிருக்கும்.

அப்போதுதான் ஹரோல்ட் வந்தார். சம்பங்கியோடு ஒரே ஷிப்டில் இருந்தவர், சம்பங்கியைவிட வயதில் மூத்தவர். ஊன்றுகோலும் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையுமாக நடந்தே வந்திருந்தார். நேராகப் பெட்டியருகே போய்ச் சிலுவை போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். வெளியே வந்ததும் கிருஷ்ணம்மா அவரைப் பிடித்துக்கொண்டாள்.

"ஷாஃப்டுக்கு அடியில இன்னாண்ணா கீது?"

மற்றவர்கள் மாதிரி ஹரோல்ட் பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கவில்லை. இவளைத்தான் உற்றுப் பார்த்தார். சாவு வீடு என்பதையும் மறந்து அவர் வாயோரம் சிரிப்பு வந்தது.

"கடைசில ஒன்கிட்ட சொல்லிட்டானா?"

"இன்னாத்த?"

"அட, அந்த டிபன் டப்பா மேட்டர்."

"எந்த டிபன் டப்பா?"

ஹரோல்டுக்குச் சிரிப்பு போய்விட்டது. சொல்லிவிட்டோமே என்று தலையைச் சொறிந்தார். அவள் விடவில்லை. ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தப்பா நெனைக்காத தங்கச்சி. எங்க கடைசி ஷிப்ட்டு. அது கடைசின்னு எங்களுக்குத் தெரியாது. கேஜ்ல ஏறிப் பாதி தூரம் வந்தப்பறம் கத்தறான். ‘ஐயோ, டப்பாவ கீழயே வுட்டுட்டேன்டா. கிருஷ்ணம்மா பேரு வெட்டின டப்பா, அவ அம்மா ஊட்டு சீரு, என்னக் கொன்னுடுவா.’ நான்தான் சொன்னேன், இன்னா மேன், நாளைக்கு எடுத்துக்க, எங்க போவப் போவுதுன்னு. நாளைக்குப் போனா கேட்டுல பூட்டு. டப்பாவும் அங்கயே, பாதி புளிசோறும் அங்கயே. சின்னதுல ஒம் பொண்ணு கேக்கும், ஷாஃப்டுக்கு அடியில இன்னாப்பா கீதுன்னு. இவன் சொல்லுவான், ஒங்கம்மா புளிசோறு கீதுன்னு. ரெண்டும் சிரிச்சிகினே கெடக்கும். ஒன்கிட்ட மட்டும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டான்."

கிருஷ்ணம்மா ஊன்றுகோலை விட்டாள்.

அந்த டப்பா அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. மூன்று அடுக்கு, பித்தளை, மூடியில் அவள் பெயர். எவனோ திருடிக்கொண்டான் என்றுதான் அன்றைக்கு சம்பங்கி வந்து சொன்னார். சுரங்கம் மூடி, சம்பளம் நின்று, வீட்டில் அரிசி இல்லாத அந்த மாதங்களில் அவளுக்கு வேறு யாரைத் திட்டுவது என்று தெரியாமல் அந்தத் திருடனைத்தான் திட்டினாள். எடுத்த கை விளங்காது, நல்லா இருக்கமாட்டான், அவன் வாய்க்கு அரிசி விழாது என்று வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள். சம்பங்கி உள்ளே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு நாள்கூட, விடு கிருஷ்ணம்மா, போதும் என்று சொன்னதில்லை.

உள்ளே போனாள். பெட்டிக் கண்ணாடி மேல் குனிந்தாள். "யோவ்" என்றாள். "திருடன்னு சொன்னியேய்யா. ஒரு வார்த்த சொல்லியிருந்தா அப்பிடிக் கரிச்சிக் கொட்டியிருப்பேனா? அவ்ளோத்தயும் கேட்டுகினு எப்பிடிய்யா எங்கூட குந்தி சோறு துன்ன?" காலையிலிருந்து வராத அழுகை அப்போது வந்தது. சுற்றியிருந்த பெண்கள், அப்பாடா அழுதுவிட்டாள் என்று சேர்ந்து ஒப்பாரியை எடுத்தார்கள்.

அழுகை முழுசாக முடிவதற்குள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். மனோகர் கூடவே வந்தார். "கெடச்சிதா? இன்னாது, சொல்லு, நான் டைப் பண்ணி அனுப்பறேன்" என்றார்.

"நீங்க அந்தாண்ட போங்க மாமா" என்றாள். வீட்டு மனிதர்களுக்குள் மட்டும் என்றால் அதில் மாமா சேர்த்தியா இல்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவர் நம்பரில் இருந்துதானே அந்த வினையே வந்தது. மனோகர் முகம் சுருங்கியது. ஆனாலும் போனார்.

மணி ரொம்ப நேரம் போனது. எடுத்தாள்.

"கேளு" என்றாள் கிருஷ்ணம்மா.

மூச்சு மட்டும் கேட்டது.

"கேளுடி."

"ஷாஃப்டுக்கு..." என்று ஆரம்பித்து நின்று, மறுபடி ஆரம்பித்தாள். "ஷாஃப்டுக்கு அடியில இன்னா கீது?"

"புளிசோறு."

எங்கேயோ தும்கூரில் ஒரு ஃபேன் சுற்றுகிற சத்தம் கேட்டது.

"அம்மா" என்றாள் நேத்ரா. சின்னப் பிள்ளையின் குரல். "தப்பாச் சொல்லும்மா."

"நேத்ரா..."

"ஒரே ஒரு தபா தப்பாச் சொல்லும்மா. தங்கம்னு சொல்லு. நான் போனை வெச்சிடறேன். ஃப்ராடுன்னு வெச்சிடறேம்மா."

தங்கம் என்று கிருஷ்ணம்மாவுக்கு வாய்வரை வந்துவிட்டது. பெற்றவளால் இதைக்கூடச் செய்ய முடியாதா? பல்லைக் கடித்துக்கொண்டாள். "வாடி" என்றாள். "மூஞ்சியப் பாக்க வாடி. நான் நிறுத்தி வெக்கறேன். நீ பொறப்படு."

அதற்குப் பிறகு பொழுது ஓட மறுத்தது, பிறகு ஒரேயடியாக ஓடியது. மத்தியானத்துக்கு முன்னால் பேத்தமங்கலாவிலிருந்து மஞ்சுநாத் என்ற விவசாயி புல்லட்டில் வந்து லைன் முன்னால் இறங்கினார். போன தடவை திருடனுக்குப் பணம் அனுப்பி ஏமாந்தவர்களில் ஒருவர். இந்தத் தடவை ஆளைக் கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று வந்திருந்தார். சாமியானாவைப் பார்த்ததும் வண்டி ஸ்டாண்டைப் போட மறந்து நின்றார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து பெட்டியைப் பார்த்தவர், வெளியே வந்து ரவிகுமாரின் கையிலிருந்த கடைப் போனை வாங்கி வாய்க்கு நேரே வைத்துக்கொண்டார். "நிஜா. நானே நோட்தா இதீனி. சம்பங்கி அண்ணா ஹோகிபிட்டாரு. எல்லாரூ பன்னி" என்றார். நிஜம்தான், நானே பார்த்துக்கொண்டிருக்கிறேன், அண்ணன் போய்விட்டார், எல்லாரும் வாங்க என்று சொல்வதற்குள் அவருக்குக் குரல் உடைந்துவிட்டது.

கடைக் கணக்கில் சம்பங்கி அல்லாத வேறொரு குரலில் போன முதல் செய்தி அது. அதை நம்பினார்கள். டிராக்டரிலும் டெம்போவிலும் வர ஆரம்பித்தார்கள். பணம் எவ்வளவு என்று கேட்டிருந்தவர் பெரிய ரோஜா மாலையோடு வந்து, ரவிகுமார் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. உள்ளே இடமில்லாமல் ஜனங்கள் சுரங்கக் கழிவு கொட்டிய சைனைடு மேட்டுப் பக்கம்வரைக்கும் நின்றார்கள்.

இத்தனை கூட்டத்தைப் பார்த்ததும் பெரியவர்களுக்கு அவசரம் அதிகமாகிவிட்டது. "எல்லாரும்தான் வந்தாச்சே, எடுத்துடலாமே" என்று ஒருவர் ஆரம்பித்தார். மனோகர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசல்படியில் போய் உட்கார்ந்தார். அவர் உடம்பு நிலையை அடைத்தது. "எங்க நேத்ரா வராம இந்த வாசல்ல எதுவும் போவாது. வெள்ளிக்கெழம ஆனாலும் சரி" என்றார். நேரம் பார்த்தே வாழ்ந்த மனிதர் அப்படிச் சொன்னதும் யாருக்கும் மேலே பேசத் தோன்றவில்லை. ஹரோல்ட் தன் நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டுக்கொண்டார். காலையில் மனோகரைப் பின்கட்டிலிருந்து துரத்தினோமே என்று கிருஷ்ணம்மாவுக்குச் சங்கடமாக இருந்தது. ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள். வாங்கிக் குடித்தார்.

பட்டன் போன் அவள் இடுப்பில் அதிர்ந்தது.

நேத்ராதான். பின்னால் ஒரே இரைச்சல். பெங்களூர் பஸ் ஸ்டாண்ட்.

"எங்கடி கீற?"

"பெங்களூர் வந்துட்டேன். கேஜிஎஃப் பஸ்ல ஏறிட்டேன்."

"சீட்டு கெடச்சிதா?"

"ஜன்னல் பக்கம்." நேத்ரா போனை வைக்கவில்லை. யாரோ வேர்க்கடலை விற்றுக்கொண்டு போனார்கள். கிருஷ்ணம்மா கண்ணாடியில் படிந்த ஈரத்தை மறு கையால் துடைத்தாள். உள்ளே சம்பங்கியின் நெற்றியில் விபூதி கலையாமல் இருந்தது.

"அம்மா."

"சொல்லுடி."

"ஷாஃப்டுக்கு அடியில இன்னா கீதும்மா?"

கிருஷ்ணம்மா நிமிர்ந்து பார்த்தாள். பெண்கள் ஒப்பாரியை நிறுத்திவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். பெட்டிக்கு அடியில் அவர் கட்டிய மோட்டார் சீராக ஓடிக்கொண்டிருந்தது. பெங்களூரிலிருந்து இங்கே வர இன்னும் எவ்வளவோ தூரம் இருந்தது. அந்தப் பிள்ளை அவ்வளவு தூரமும் தனியாக வர வேண்டும். போன தடவை வழியெல்லாம் அழுதுகொண்டு வந்தாளே.

"தங்கம்" என்றாள்.

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது. காலையில் கேட்டது மாதிரியே இருந்தது.

"ம்" என்றாள் நேத்ரா.

அப்போது கண்டக்டரின் குரல் பக்கத்தில் கேட்டது. எங்கே போக வேண்டும், எத்தனை பேர் என்று கன்னடத்தில் கேட்டான். நேத்ரா தொண்டையைச் செருமிக்கொண்டாள். கேஜிஎஃப், ஒரு ஆள்தான் என்றாள். லேடீஸ் ஃப்ரீ டிக்கெட்டுக்கு ஆதாரைக் காட்டும்மா என்றான் அவன். கைப்பையின் ஜிப்பைத் திறக்கும் சத்தம் கேட்டது. கிருஷ்ணம்மா போனைக் காதிலிருந்து எடுக்காமல், டிக்கெட் கிழிகிற வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தாள்.